பச்சைப் பலகையின் கீழே பதினான்கு பேர்

நான் வேலை பார்த்த கம்பெனியில் என்னை யாரும் ஒருநாளும் மரியாதைக் குறைவாகப் பேசியதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்படி யாராவது பேசியிருந்தால் அன்றைக்கே மாப்பைச் சுவரோரம் சாத்திவிட்டு வீட்டுக்கு வந்திருப்பேன். அம்பத்தூர் எஸ்டேட்டில், வண்டிகளுக்கு ரப்பர் சாமான் செய்கிற கம்பெனி அது. நாங்கள் அந்தக் கம்பெனி ஆட்கள் இல்லை. கான்ட்ராக்டர் அனுப்புகிற ஆட்கள். இரண்டாவது மாடி முழுக்க என் பொறுப்பு. கணக்குப் பிரிவு, மீட்டிங் நடக்கிற கண்ணாடி அறை, ஆண்களுக்கு ஒன்று பெண்களுக்கு ஒன்று என்று இரண்டு பாத்ரூம். கள்ளிக்குப்பத்தில் ஷேர் ஆட்டோ பிடித்தால் ஏழரைக்கெல்லாம் கேட்டில் நிற்பேன்.

எங்களில் மற்றவர்கள் சொல்லுகிற குறை எதுவும் எனக்கு இருந்ததில்லை. கேன்டீனில் எங்களை எந்த மேஜையில் உட்கார வைக்கிறார்கள், எத்தனை மணிக்குச் சாப்பாடு போடுகிறார்கள் என்று பொருமுவார்கள். நான் என் சோற்றை நானே கட்டிக்கொண்டு போவேன். அடுத்தவர் மேஜை எனக்கு எதற்கு? பொங்கலுக்குக் கம்பெனி ஆட்களுக்கு மட்டும் பை கொடுப்பார்கள். கொடுக்கட்டும். என் வீட்டிலும் பை இருக்கிறது. இப்படியே ஒன்பது வருஷம் போனது. எனக்கு உறைத்தது வேறு ஒன்று.

ஒரு நாள் காலை பத்து மணி இருக்கும். பெண்கள் பாத்ரூமில் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். நாங்கள் உள்ளே கழுவும்போது வாசலில் ஒரு மஞ்சள் பலகையை வைத்துக் கதவைச் சாத்திக்கொள்வோம். யாரும் வழுக்கி விழுந்துவிடக் கூடாது என்பதற்காக. அந்த நேரம் சைரன் அடித்தது. ஷிப்டு சைரன் இல்லை. விட்டு விட்டு அலறுகிற சைரன்.

குழாயை மூடிவிட்டு வெளியே வந்தால் மாடியில் ஈ காக்கை இல்லை. மின்விசிறிகள் சுற்றுகின்றன. ஒரு மேஜையில் பாதி குடித்த டீ, இன்னும் ஆவி போகிறது. ஒரு நாற்காலி லேசாகச் சுழன்றுகொண்டிருந்தது. ஏதோ நடந்துவிட்டது, எல்லோரும் ஓடிவிட்டார்கள், நான் மட்டும் நிற்கிறேன் என்று நினைத்தேன். புகை வாசம் வருகிறதா என்று மூக்கால் தேடினேன். ஃபினாயில் வாசம்தான் வந்தது. ஜன்னலுக்குப் போய் எட்டிப் பார்த்தேன்.

கீழே கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம். அதன் அடியில் ஒரு பச்சைப் பலகை நட்டிருப்பார்கள். ஆபத்து என்றால் எல்லோரும் வந்து நிற்க வேண்டிய இடம் அது. பிரிவு பிரிவாக வரிசை கட்டி நின்றார்கள். ஒவ்வொரு வரிசைக்கு முன்னாலும் ஒருவர் தலைகளை எண்ணி, சரியாக இருந்தால் கையைத் தூக்கினார். எல்லாக் கைகளும் மேலே போனதும் சேஃப்டி ஆபீசர் கடிகாரத்தை அமுக்கிவிட்டு மைக்கில் சொன்னார்.

"நாலு நிமிஷம் பத்து செகண்டு! எல்லாரும் பத்திரமா வெளிய வந்துட்டோம்!"

எல்லோரும் கை தட்டினார்கள். நான் இரண்டாவது மாடி ஜன்னலில், கையில் பிரஷ்ஷோடு நின்றிருந்தேன்.

அப்புறம்தான் அது ஒத்திகை என்று தெரிந்தது. நெருப்புப் பிடித்தால் எப்படி வெளியேறுவது என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை பழகுவார்களாம். மாக் டிரில் என்பார்கள். முன்பெல்லாம் ஷிப்டு முடிந்த பிறகு, நாங்கள் கிளம்பிய பிறகு நடக்குமாம். கணக்குப் பிரிவில் ஒரு பெண், நல்ல பெண், படியேறி வந்ததும் என்னைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"ஐயோ, நீங்க மேலயேவா இருந்தீங்க? நேத்தே மெயில் வந்துச்சேம்மா."

"எனக்கு மெயிலு வராதும்மா," என்றேன். "எனக்கு சூப்பர்வைசர்தான் வருவாரு. அதுவும் செவ்வாக்கெழமை."

அவள் சிரித்தாள். நானும் சிரித்துவிட்டேன். சிரித்துவிட்டு மிச்சத் தரையையும் கழுவி முடித்தேன்.

அன்று வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் என் வீட்டுக்காரர் நினைப்பாகவே இருந்தது. அவர் அம்பத்தூருக்குப் பக்கத்தில், பாடியில், ஒரு பழைய கம்பெனியில் இருபத்தாறு வருஷம் பர்மனென்ட். ஆயுத பூஜைக்குக் குடும்பத்தோடு கூப்பிடுவார்கள். பிள்ளைகளுக்குப் புதுத்துணி போட்டு, நானும் பட்டு கட்டிக்கொண்டு போவேன். மெஷினுக்கெல்லாம் சந்தனம் வைத்து, எங்களை வரிசையாக உட்காரவைத்து இலை போட்டுப் பரிமாறுவார்கள். ஒரு தடவை அவரிடம், "மொத்தம் எத்தினி பேரு உங்க கம்பெனில?" என்று பெருமையாகக் கேட்டேன். "முந்நூறு பேரு," என்றார் அவரும் பெருமையாக. அந்த நேரம் எங்கள் எச்சில் இலையை எடுத்துக்கொண்டு ஒரு அம்மாள் குனிந்து போனாள். அவள் அந்த முந்நூறில் சேர்த்தியா என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை. அவள் முகம்கூட எனக்கு ஞாபகமில்லை, பச்சை வளையல் போட்ட கை மட்டும் இருக்கிறது. எண்ணாமல் விட்டவர்களில் நானும் ஒருத்திதான். ஆகவே நான் யாரையும் பாவி என்று சொல்ல வரவில்லை.

ஆனால் அடுத்த தடவை நான் கீழே நிற்பது என்று முடிவு செய்துவிட்டேன்.

மூன்று மாதம் கழித்துச் சைரன் அடித்தது. வாளியை அப்படியே வைத்துவிட்டுப் படியில் இறங்கினேன். மூட்டு வலியோடு அத்தனை வேகமாக இறங்கியது அன்றைக்குத்தான். கணக்குப் பிரிவு வரிசையின் கடைசியில் போய் நின்றேன். அந்த மாடியிலிருந்துதானே நானும் வருகிறேன்? முன்னால் நின்ற நல்ல பெண் எண்ணினாள். உதட்டைச் சுழித்தாள். மறுபடி எண்ணினாள். மற்ற எல்லா வரிசையிலும் கைகள் மேலே போய்விட்டன. இவள் மட்டும் விரல் விட்டுக்கொண்டிருந்தாள்.

"சார், எனக்கு ஒண்ணு அதிகமா வருது," என்றாள்.

"கொறைஞ்சாத்தான் பிரச்சினைன்னு நெனச்சேன், அதிகமா வேற வருமா?" என்று பக்கத்து வரிசையில் யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். சேஃப்டி ஆபீசர் வந்தார். சின்ன வயசுதான், தஞ்சாவூர்ப் பக்கத்துப் பிள்ளை. எல்லோரும் அவரை சார் என்பார்கள். நான் மட்டும் நைனா என்பேன். அவர் என்னைப் பார்த்ததும் விஷயத்தைப் புரிந்துகொண்டார்.

"அம்மா, நீங்க இந்த லிஸ்ட்ல வர மாட்டீங்க. கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

"அப்ப நான் எந்த லிஸ்டுல வருவேன் நைனா?"

"உங்க லிஸ்ட் உங்க கான்ட்ராக்டர்கிட்ட இருக்கும்மா. அவர் சூப்பர்வைசர்தான் உங்களை எண்ணணும்."

"அவரு இன்னிக்கு பூந்தமல்லில கீறாரு. செவ்வாக்கெழமதான் இங்க வருவாரு."

"அதுக்கு நான் என்னம்மா பண்றது?"

"நெருப்ப செவ்வாக்கெழமையா பாத்து வரச் சொல்லு."

அவர் முகம் கறுத்துவிட்டது. நான் நக்கலாகச் சொல்லவில்லை, வாயில் வந்ததைச் சொன்னேன். அவர் நல்லவர் என்பதால்தான் முகம் கறுத்தது என்பதும் எனக்குத் தெரியும். நான் தள்ளி நின்றேன். நல்ல பெண் கையைத் தூக்கினாள்.

செவ்வாய்க்கிழமை சூப்பர்வைசர் பைக்கை நிறுத்தும்போதே ஆரம்பித்தார்.

"இன்னாம்மோ, கம்பெனி லைன்ல போயி நின்னுகினு பஞ்சாயத்து பண்ணியாமே? உனக்கு இன்னா வோணும் இப்போ?"

"ஒண்ணியும் வோணாம். எண்ணச் சொன்னேன்."

"எண்ணி இன்னா பண்ணப் போறே? இதோ பாரு, இன்னொரு வாட்டி உம்மேல கம்ப்ளெயின்ட் வந்துச்சின்னு வை, குத்தம்பாக்கம் சைட்டுக்குத் தூக்கிப் போட்டுருவேன். அப்பால என்னாண்ட வந்து அழுவக்கூடாது."

குத்தம்பாக்கம் என்றால் எனக்கு இரண்டு பஸ். விடிவதற்குள் கிளம்ப வேண்டும். அதைவிட, ஒன்பது வருஷமாக நான் துடைத்த மாடி அது. எந்தத் தரை ஓட்டில் தண்ணீர் தேங்கும், எந்த ஜன்னல் மழைக்கு ஒழுகும் என்று எனக்குத்தான் தெரியும். அதை விட்டுவிட்டுப் போக எனக்கு மனசு வராது. அவருக்கும் அது தெரிந்துதான் சொன்னார்.

ஆனால் சேஃப்டி ஆபீசர் சும்மா இருக்கவில்லை. பத்து நாள் கழித்து ஒரு தாளோடு வந்தார். அதில் கான்ட்ராக்ட் ஆட்கள் பதினான்கு பேருடைய பெயர். எங்களுக்கென்று புதிதாக ஒரு பச்சைப் பலகையும் வைத்திருப்பதாகச் சொல்லிப் பின்பக்கம் கூட்டிப்போய்க் காட்டினார். ஜெனரேட்டர் ரூமுக்குப் பக்கத்துச் சுவர். அங்கேதான் டீசல் பீப்பாய்களை அடுக்கியிருப்பார்கள்.

நான் பலகையைப் பார்த்தேன். பீப்பாயைப் பார்த்தேன். அவரும் அப்போதுதான் பார்த்தார்.

"நெருப்புன்னா டீசலாண்ட வந்து நிக்கச் சொல்றியே நைனா, எங்க மேல அவ்ளோ பாசமா?"

"ஐயையோ," என்று தலையில் கை வைத்துக்கொண்டார். "முன்னாடி இடம் இல்லைன்னாங்கம்மா, அதான்..." மறுநாள் பலகை சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. பெரிய மரத்தடி இல்லை, அது கம்பெனி ஆட்களுக்கு. ஆனாலும் அங்கிருந்து மரத்தடி தெரியும், மரத்தடியில் இருப்பவர்களுக்கு எங்களைத் தெரியும்.

எங்களுக்கு யார் கையைத் தூக்குவது என்ற கேள்வி வந்தது. அவர் தாளை என்னிடம் நீட்டினார். நான் மூன்றாவது வரைக்கும்தான் படித்தவள். எழுத்துக் கூட்டிப் படித்து முடிப்பதற்குள் கட்டடமே எரிந்துவிடும். தாளைத் திருப்பிக் கொடுத்தேன்.

"பேப்பரு வோணாம். எல்லாரும் எனக்கு மனப்பாடம்."

அது பெருமைக்குச் சொன்னதில்லை. தோட்டக்காரர் ஒருவர். கேன்டீனில் பாத்திரம் கழுவுகிறவர்கள் இருவர். லோடு ஏற்றுகிற வடநாட்டு ஆட்கள் நால்வர், அவர்கள் பாஷையில் அம்மா என்கிற மாதிரி என்னை மாஜி என்பார்கள். பேக்கிங்கில் பெண்கள் நால்வர். கூட்டித் துடைக்கிற நாங்கள் மூவர். எந்த மணிக்கு எவர் எந்த மூலையில் இருப்பார் என்று எனக்குத் தெரியும். கம்பெனி ஆட்களுக்கு நாற்காலி இருக்கிறது, அங்கே தேடினால் போதும். எங்களுக்கு நாற்காலி கிடையாது. தெரிந்தவர் ஒருவர் வேண்டும்.

அடுத்த டிரில் ஒரு வியாழக்கிழமை வந்தது. கம்பெனியின் பெரிய மேனேஜரும் அன்று வெளியில் வந்து நின்றார். சைரன் அடித்ததும் எங்கள் ஆட்களும் ஓடி வந்தார்கள். வடநாட்டு ஆட்கள் சிரித்துக்கொண்டே, ஏதோ பந்தயம் மாதிரி. தோட்டக்காரர் கையில் தண்ணீர்க் குழாயோடு. நான் முகம் முகமாக எண்ணினேன். பதிமூன்று. பேக்கிங்கில் ஒருத்தியைக் காணோம். நாற்பது வயசு, ஆவடியிலிருந்து ரயிலில் வருகிறவள், வாயாடி. அவள் சத்தம் இல்லாததே எனக்கு முதலில் உறுத்தியது.

மரத்தடியில் எல்லாக் கைகளும் மேலே போய்விட்டன. சேஃப்டி ஆபீசர் கடிகாரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் பக்கம் பார்த்தார். மேனேஜரும் பார்த்தார். நான் கையைத் தூக்கவில்லை.

பேக்கிங் இன்சார்ஜ், அவர் கம்பெனி ஆள், அங்கிருந்தே கத்தினார். "யம்மா, கையத் தூக்கும்மா! எல்லாம் வந்தாச்சு!"

"ஒருத்தி கொறையுது சார்."

"அவ உள்ளதான் இருக்கா. நான்தான் நிறுத்தி வச்சேன். லாரி நிக்குது, பெட்டி ஒட்டணும். டிரில்தானேம்மா இது, நெஜ நெருப்பா? தூக்கு, தூக்கு."

கம்பெனி ஆட்கள் அத்தனை பேரும் நின்று என்னைப் பார்த்தார்கள். மரத்தின் நிழல் பாதிப் பேருக்குத்தான் எட்டும், மீதிப் பேர் வெயிலில். "யாரால லேட்டு?" என்று ஒரு குரல். "ஹவுஸ்கீப்பிங் அம்மாவாலதான்," என்று இன்னொரு குரல். எங்கள் ஆட்களே என் புடவையை இழுத்தார்கள். "தூக்கிடு யக்கா, நமக்கு ஏன் பொல்லாப்பு?" என்றாள் என்னோடு துடைக்கிறவள்.

தூக்கிவிடலாம் என்றுதான் எனக்கும் தோன்றியது. பொய் சொல்லக்கூட வேண்டாம். அவள் எங்கே இருக்கிறாள் என்று தெரிந்துவிட்டதே. குத்தம்பாக்கம் கண் முன்னால் வந்தது, இரண்டு பஸ்ஸோடு. ஆனால் கையைத் தூக்கினால் அதற்கு அர்த்தம் எல்லோரும் வெளியே வந்துவிட்டோம் என்பது. அவள் வெளியே வரவில்லை. லாரிக்காக உள்ளே நிறுத்தலாம் என்று இன்சார்ஜ் நினைத்தது அவளை மட்டும்தான். தன் பிரிவில் வேறு ஒருவரையும் நிறுத்தவில்லை. ஜன்னலில் நின்று பார்த்தவள் நான். அங்கிருந்து பார்க்கும்போது கீழே எல்லோரும் எவ்வளவு நிம்மதியாக இருப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

கையை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டேன்.

சேஃப்டி ஆபீசர் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். அப்புறம் ஆபீசரே பேக்கிங் இன்சார்ஜிடம் போய், "போய்க் கூட்டிட்டு வாங்க சார். அதுவரைக்கும் கடிகாரம் ஓடும்," என்றார். மைக் அணையவில்லை, எல்லோருக்கும் கேட்டது.

இன்சார்ஜ் உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் அவள் வந்தாள், கையில் டேப் ஒட்டுகிற கருவியோடு, வியர்த்து வழிய, சிடுசிடுவென்று.

"இன்னா யக்கா நீ? உன்னால நான் அவராண்ட திட்டு வாங்கிகினு வரேன். முப்பது பெட்டி பாக்கி கீது."

"வந்து நில்லு," என்றேன். நின்றாள். மறுபடி முதலிலிருந்து எண்ணினேன். பதினான்கு. கையைத் தூக்கினேன்.

"பதினோரு நிமிஷம் நாப்பது செகண்டு," என்றார் ஆபீசர். தாளில் எழுதிக்கொண்டார். எல்லோரும் முணுமுணுத்தபடி உள்ளே போனார்கள்.

பேக்கிங்காரி என் கூடவே நடந்து வந்தாள். கோபம் பாதி தணிந்திருந்தது. படிக்கட்டுக்குப் பக்கத்தில் நின்றாள்.

"யக்கா, நெஜமாலுமே பத்திகிச்சின்னா, என்னைத் தேடிகினு உள்ள வருவியா நீ?"

"எப்படி வர்றது? எனக்கு முட்டி வலி. படி எறங்கவே உசுரு போவுது."

"அப்பறம் இன்னாத்துக்கு இந்த சீனு?"

"நீ உள்ள கீறேன்னு சொல்லுவேன். அத்த மட்டும் சொல்லாம உடமாட்டேன்."

"சரியான ஆளு நீ," என்றாள். அது திட்டா பாராட்டா என்று தெரியவில்லை. பெட்டி ஒட்டப் போய்விட்டாள்.

கம்ப்ளெயின்ட் போயிருக்கிறது. யார் போட்டது என்று நான் கேட்கவில்லை. செவ்வாய்க்கிழமை சூப்பர்வைசர் வந்தார், ஒன்றாம் தேதியிலிருந்து குத்தம்பாக்கம் என்றார். நான் அழவில்லை. சேஃப்டி ஆபீசர் சூப்பர்வைசரிடம் போய்ப் பேசினாராம், ஆட்களை மாற்றுவது கான்ட்ராக்டர் இஷ்டம் என்று அவர் சொல்லிவிட்டாராம். கடைசி நாள் ஆபீசர் படியில் என்னைப் பார்த்து நின்றார். "உங்களுக்கு பதிலா யாரும்மா எண்ணுவாங்க?" என்று கேட்டார். பேக்கிங்காரியைக் கேட்டுப் பாருங்கள் என்றேன். அவளுக்கு வாய் இருக்கிறது.

இப்போது நான் இருப்பது ஒரு பெரிய குடோன். ஆன்லைனில் வாங்குகிற சாமான்கள் வந்து இறங்கி, பிரிந்து போகிற இடம். கூரை வரைக்கும் அட்டைப்பெட்டி. முதல் நாள் துடைப்பத்தை எடுப்பதற்கு முன்னால் கேட்டில் இருந்த செக்யூரிட்டியிடம், சைரன் அடித்தால் நாங்கள் எங்கே நிற்க வேண்டும் என்று கேட்டேன்.

"இன்னா சைரனு?" என்றார் அவர். "இங்க ஏதும்மா சைரனு? நீ போயி பெருக்கு."

ஆபீசில் ஒரு பெண்ணிடம் கேட்டேன். எழுதிக் கொடுங்கள், மேலே அனுப்புகிறேன் என்றாள். எழுதிக் கொடுங்கள் என்றால் நான் விட்டுவிடுவேன் என்று நினைத்திருப்பாள். எனக்கு எழுத நேரம் ஆகும், அவ்வளவுதான். மூன்று சாயங்காலமாக எழுதுகிறேன். ஐயா, இங்கே கான்ட்ராக்டில் வேலை செய்கிறவர்கள் ஒன்பது பேர் என்று முதல் வரி. எங்களுக்கு ஒரு இடம் காட்ட வேண்டும் என்று இரண்டாவது வரி. அதற்குக் கீழே ஒன்பது பேருடைய பெயரும் வர வேண்டும். ஏழு எழுதிவிட்டேன். மிச்சம் இரண்டு பேர் மத்தியான ஷிப்டு. அவர்கள் பெயரை இன்னும் கேட்கவில்லை. நாளைக்கு வேலை முடிந்து கொஞ்சம் தாமதமாகக் கிளம்பினால் கேட்டிலேயே பிடித்துவிடலாம்.